வெள்ளிக்கிழமைச் சட்டியில் விழுந்த கறி

ஹாலந்து எல்லையோரத்துச் சதுப்பு ஊரான ஹெசல்மூரில் வெள்ளிக்கிழமை மதியம் என்ன சமையல் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அந்த ஆள் வெளியூராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கத்தோலிக்கரல்லாத ஆளாக இருக்கவேண்டும். கறி தொடக்கூடாத நாள் அது. ஊரிலுள்ள அத்தனை அடுப்பிலும் நீளக் கைப்பிடி வைத்த இரும்புச் சட்டி ஏறும். பக்வீட் என்ற கறுப்புத் தானிய மாவில் பான்கேக் வேகும். அதன் மேல் கிழங்குப்பாகு கறுகறுவென்று வழியும். பத்து மணிக்கே சதுப்புக்காட்டு மூடுபனி வெண்ணெய் வாசனை அடிக்கும். பனியைக் கரண்டியில் அள்ளித் தின்றவர்களும் உண்டு என்பார்கள். அந்த ஊர் மூடுபனியைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

அந்த அடுப்புகளிலேயே பேர்போனது கெசீனா வூபெல்ஸின் அடுப்பு.

கெசீனா நெடுநெடுவென்று வளர்ந்தவள். முழங்கை வரை சிவந்த கை. சிரித்தால் பக்கத்துத் தோட்டத்து வாத்து பதில் சொல்லும். அம்மா நிமோனியாவில் போனபோது அவளுக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து அடுப்பும் மாடும் அப்பாவும் அவள் பொறுப்பு. இதில் மாடுதான் சொன்னபடி கேட்கும்.

பான்கேக் சுடுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் மாட்டைக் கறந்துவிட்டு வந்த கையோடு மண்கிண்ணத்தில் மாவைக் கொட்டுவாள். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நடுவில் குழி பண்ணி முட்டைகளை உடைத்து விடுவாள். அப்புறம் காலையில் மிஞ்சி ஆறிப்போன காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் அடிப்பாள், மாவு மூச்சுவிட ஆரம்பிக்கும் வரை. பால் ஊற்றுவது பட்டணத்துக்காரர்கள் வழக்கம். ஹெசல்மூரில் காபிதான். கரைத்த மாவு மதியம் வரை ஈரத்துணிக்குள் தூங்கும். அதற்குள் யாராவது துணியைத் தூக்கிப் பார்த்தால் கை மேல் கரண்டி விழும். சட்டி நன்றாகக் காய்ந்து, தெளித்த தண்ணீர் குதித்து ஓடினால்தான் மாவு இறங்கும். ஓரம் லேஸ் மாதிரி மொறுமொறுவென்று எழும்பியதும் கைப்பிடியைப் பிடித்து ஒரே வெட்டு. பான்கேக் அந்தரத்தில் புரண்டு திரும்பச் சட்டியில் வந்து படுக்கும். ஒருதடவை வெட்டு கொஞ்சம் பலமாகி, பான்கேக் புகைக்கூண்டு வழியாகவே வெளியேறி, எல்லையைத் தாண்டி, ஹாலந்துக்காரப் பாதிரியார் ஒருவரின் தொப்பி மேல் இறங்கியதாகப் பேச்சு. அதற்கு வரி கட்டவில்லை.

வரி என்றதும்தான் விஷயத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

போர் முடிந்து சில வருஷங்கள். காபிக்கொட்டைக்கு இந்தப் பக்கம் போட்டிருந்த வரியில், ஒரு பை வாங்கினால் ஒரு மாட்டின் கால் போய்விடும். அந்தப் பக்கம், சதுப்பைத் தாண்டினால், அதே கொட்டை சாதாரணமாகக் கிடைத்தது. இதற்கு மேல் ஊர் என்ன செய்யும்? ஊர் நடந்தது. விடியற்காலைப் பனியில், சேறு எங்கே தாங்கும் எங்கே விழுங்கும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். வெண்ணெய் கடையும் பானைக்குள், தொட்டிலில் குழந்தைக்கு அடியில், அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டி அடுக்கிய சேற்றுக்கரிக் குவியலுக்குள் என்று கொட்டை எங்கேயும் இருந்தது. பக்கத்து வீட்டு விதவை தெக்லா வருஷம் முழுக்க ஒட்டிய பலகை. எல்லைக்குப் போய்வந்தால் மட்டும் பாவாடை பூரித்துப்போய்த் திரும்புவாள். அவள் வீட்டுக் கோழிகள் ஒருநாள் ஒளித்துவைத்த மூட்டையைக் கண்டுபிடித்துக் கொத்திவிட்டன. அந்த வாரம் முழுக்க அவை தூங்காமல் முட்டையிட்டு, நடுநிசியில் அதை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தன.

ஆனால் குடிப்பதாகக் காட்டிக்கொள்வது மட்டும் பார்லி காபி. வறுத்த பார்லியைக் கொதிக்கவைத்த அந்தப் பழுப்புத் தண்ணீரை ஊரே முகம் சுளிக்காமல் குடித்து, "ஆகா" என்றும் சொல்லும், சன்னல் திறந்திருந்தால்.

கெசீனாவின் அப்பா ஹார்முக்கு இதில் ஒரு கஷ்டம் இருந்தது. அவர் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டவர். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அடுத்த தடவை வந்தால் அபராதம் இல்லை, சிறைதான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஹார்முக்கு நெஞ்சில் சளி. கல் சுவருக்குள் ஒரு குளிர்காலம் என்றால் அவர் திரும்பி வரப்போவதில்லை. இது கெசீனாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் நடந்தார்.

"போகாதீங்கப்பா."

"யாரு போனா? மாடு ஓடிப்போச்சு, தேடினேன்."

"மாடு கொட்டில்ல நிக்குது."

"அதான் கிடைக்கல."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சுங்கச்சாவடிக்கு ஏவால்ட் பிரில் வந்து சேர்ந்தான். பொமரேனியாக்காரன். போரில் ஊரும் போய், வீடும் போய், மிஞ்சியது இரண்டு பெரிய காதுகள்தான். அரசாங்கம் கொடுத்த பச்சைக் கோட்டுக்குள் இன்னொரு ஆளையும் வைத்துத் தைக்கலாம். அதோடு லுத்தரன், கிறிஸ்தவன்தான், ஆனால் வெள்ளிக்கிழமைக் கட்டுப்பாடு இல்லாத வேறு சபை. ஹெசல்மூரில் அப்போது இருந்த லுத்தரன்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும்.

அவன் கெசீனா வீட்டுச் சேற்றுக்கரிக் குவியலைச் சோதனை போட வந்தான். ஒவ்வொரு கட்டியாக எடுத்து, துடைக்காத குறையாகப் பார்த்து, திரும்ப அடுக்கினான். இப்படிச் சோதனை போட்டால் சாயங்காலம் ஆகிவிடும் என்று தெக்லா வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் போட்டாள். "ஏம்ப்பா, குவியலுக்குள்ள காபி இருக்கா, இல்ல பொண்ணு இருக்கான்னு தேடறியா?" ஏவால்டின் காது இரண்டும் பழுத்தன. கெசீனா சமையலறைச் சன்னலை மூடிவிட்டு, மூடின சன்னலுக்குப் பின்னாலேயே நின்றாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவன் சைக்கிளுக்கு அந்த வீட்டு வாசலில்தான் காற்று இறங்கும். தண்ணீர் கேட்பான். தண்ணீர் கேட்டவனை மதிய நேரத்தில் வெறும் வயிற்றோடு அனுப்புவது ஊர் வழக்கமில்லை, சுங்கக்காரனாகவே இருந்தாலும். ஹார்ம் எதிரே உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பார். அவன் ஒரு பான்கேக்கைப் பாகில் தொட்டுத் தின்று, "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். காதல் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. சைக்கிள் டயர் மட்டும் நல்ல டயர்.

இப்போது அந்த ஒரு வெள்ளிக்கிழமை.

விடியற்காலையில் ஹார்ம் இடுப்பு வரை நனைந்து வந்து நின்றார். பல் கிட்டிப்போயிருந்தது. இருமல் வந்தால் நிற்கவில்லை. மூட்டையை எங்கே வைத்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அந்த வீட்டில் ஒரு ஒழுக்கம். "ஒரு கோப்பை... நெசக் காபி" என்றார். அவள் அவர் நீட்டின ஒரு பிடி கொட்டையை வறுத்து, அரைத்து, கெட்டியாகப் போட்டாள். அவர் ஒரு கோப்பை குடித்து, போர்வைக்குள் போய்ச் சுருண்டுகொண்டார். பானையில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

அவள் சன்னலைத் திறந்து வாசனையை விரட்டினாள். அரைத்த கல்லைக் கழுவினாள். காபிச் சக்கையைக் கோழிக்குப் போடாமல் எருவில் புதைத்தாள், தெக்லாவின் கோழிகள் ஞாபகம் இருந்தது. அப்பாவின் ஈரப் பூட்ஸை அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள். எதையும் விட்டுவைக்கவில்லை. அப்புறம் மாட்டைக் கறந்துவிட்டு வந்து, மண்கிண்ணத்தில் மாவைக் கொட்டி, முட்டையை உடைத்து, மிஞ்சின காபியை ஊற்றி அடித்தாள்.

ஹெசல்மூரில் மிஞ்சின காபியைக் கீழே கொட்டுவது கொலைக்கு அடுத்த குற்றம். அவளுடைய கை பதினாலு வயதிலிருந்து செய்ததைச் செய்தது. புத்தி வேறெங்கோ இருந்தது. ஈரத்துணியைப் போட்டு மூடியும்விட்டாள்.

மதியம் சைக்கிள் வந்தது. ஹார்மும் எழுந்து வந்து, ஒன்றும் நடக்காதவர் மாதிரி கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கெசீனா முதல் பான்கேக்கை ஏவால்டின் தட்டில் போட்டாள். அவன் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தான். மென்றான். மெல்லுவது நின்றது.

அவன் முகத்தைப் பார்த்த மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் தன் கை என்ன செய்தது என்று, பானையோடு, மரக்கரண்டியோடு, முழுசாகத் தெரிந்துவிட்டது.

"இதுல என்னங்க போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எப்பவும் போடறதுதான். மாவு, முட்டை, காபி."

"காபின்னா..."

"பார்லி காபி" என்றார் ஹார்ம், கத்தியைப் பார்த்தபடி.

ஏவால்ட் அவரைப் பார்த்தான். அடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பூட்ஸ் நுனி எட்டிப் பார்த்தது, அதையும் பார்த்தான். கெசீனாவைக் கடைசியாகப் பார்த்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று சாவடியிலேயே கேலி செய்வார்கள். அந்த முகத்தில் கடமை ஒரு பக்கமும் இன்னொன்று இன்னொரு பக்கமும் இழுப்பது காது வரை தெரிந்தது.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

அந்தச் சத்தத்தை ஊரில் பசங்களும் அறிவார்கள். சாவடித் தலைவர் டென்பிரிங்க். அவர் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைத் திறக்கமுடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாம்பிராணிப் புகைக்கு நடுவிலும், கடைசி வரிசையில் யார் காலையில் நல்ல காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று திரும்பாமலே சொல்வார். ஒருதடவை சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே மூக்கை உறிஞ்சினாராம், பெட்டியைத் திறந்தால் செத்தவரோடு ஐந்து பை. செத்தவர் ஆட்சேபிக்கவில்லை. அந்த மூக்கைத் தவிர அவரிடம் இன்னொன்றும் பெரிதாக இருந்தது, பக்தி. வெள்ளிக்கிழமை கறிவெட்டும் கத்தியைக்கூடத் தொடமாட்டார்.

"இன்னொன்னு போடுங்க" என்றான் ஏவால்ட், அவசரமாக. தட்டிலிருந்ததை நாலாக மடித்து வாய்க்குள் தள்ளினான். "சீக்கிரம்."

தடயத்தைத் தின்றே தீர்ப்பதென்று அவன் முடிவு செய்துவிட்டான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அடுப்புப் பக்கம் திரும்பினாள். பெரிய கிண்ணம் நிறைய மாவு, அத்தனையிலும் நெசக் காபி. சட்டியில் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் வாசனை எழும்பும். இந்த மூக்கு வாசல்படி தாண்டுவதற்குள் ஏதாவது செய்தாகவேண்டும். இல்லாவிட்டால் அப்பா போய்விடுவார். அவ்வளவுதான்.

அவள் தலைக்கு நேர் மேலே, புகைக்கூண்டில், புகைகாட்டிய பன்றிக்கறிப் பாளம் சனிக்கிழமைக்காகக் காத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

கை மேலே போனது. கத்தி இறங்கியது. நாலு துண்டு, ஐந்து துண்டு, சட்டியில் விழுந்து சீறின. கொழுப்பு உருகித் தெறித்தது. புகை எழும்பியது. வெள்ளிக்கிழமை மதியம், கத்தோலிக்க வீட்டில், அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அந்தச் சமையலறையில், கறி வாசனை!

ஹார்ம் கத்தியைப் போட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அது நடிப்பில்லை. கறியின் மேல் அவள் மாவை ஊற்றினாள்.

டென்பிரிங்க் கதவைத் திறந்தார். மூக்கு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். ஒரு மூச்சு உள்ளே இழுத்தார். முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"ஹார்ம். இன்னைக்கு என்ன கிழமை?"

ஹார்ம் கீழே விழுந்த கத்தியைக் குனிந்து தேடினார்.

"வெள்ளிக்கிழமைங்க அய்யா" என்றாள் கெசீனா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை. இது இவருக்கு. இவர் லுத்தரன்."

"லுத்தரனுக்கு நீ ஏன் தனியாக் கறி போட்டுச் சுடறே? சாவடியில சாப்பாடு இல்லையா?"

"சாவடியில போடறது ஒரு சாப்பாடா அய்யா? கட்டிக்கப் போறவருக்கு நாலு துண்டு கறிகூடப் போடலேன்னா ஊரு என்ன சொல்லும்?"

ஏவால்டுக்குப் பான்கேக் தொண்டையில் அடைத்து, தண்ணீருக்குக் கையை நீட்டினான். யாரும் கொடுக்கவில்லை. தெக்லா அப்போது வேலிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள் என்றும், உப்புக் கிண்ணத்தைக் கீழே போட்டாள் என்றும் பிற்பாடு அவளே சொன்னாள்.

"பிரில்" என்றார் டென்பிரிங்க். "இது உண்மையா?"

ஏவால்ட் எழுந்து நின்றான். பொய் வராது. உண்மையைச் சொன்னால் ஹார்ம் போய்விடுவார். அந்தக் காதுகளுக்கு நடுவில் ஒரு நிமிஷம் என்ன ஓடியதோ.

"நான் அவங்க அப்பாகிட்ட இன்னும் கேக்கலைங்க அய்யா" என்றான்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கெசீனாவின் கரண்டி நடுவழியில் நின்றது.

அவன் ஹார்ம் பக்கம் திரும்பினான். "இப்பக் கேக்கலாங்களா?"

ஹார்ம் மகளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். ஒரு பக்கம் லுத்தரன், இன்னொரு பக்கம் சிறை. "முதல்ல தின்னு முடி" என்றார் கரகரப்பாக. "வாய்ல வெச்சுக்கிட்டு யாரும் பொண்ணு கேக்க மாட்டாங்க."

அவன் உட்கார்ந்து தின்றான். டென்பிரிங்கும் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதுதான் ஆபத்து. கறி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையை அந்த மூக்கு தேடிக்கொண்டே இருந்தது. கழுத்தை நீட்டி மாவுக் கிண்ணத்தின் பக்கம் சாய்ந்தார்.

"உங்களுக்கும் ஒண்ணு போடட்டுங்களா அய்யா?" என்றாள் கெசீனா. "பாகு ஊத்தித் தரேன். ஆனா சட்டியில கறிக்கொழுப்பு பட்டிருச்சு, கரண்டியிலயும் பட்டிருச்சு. அந்தக் கரண்டியைத்தான் இந்தக் கிண்ணத்துல..."

அவர் கிண்ணத்திலிருந்து, அதில் பாம்பு இருப்பதுபோல், விலகினார். அதன்பிறகு நாற்காலியைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு, ஒரு லுத்தரன் வெள்ளிக்கிழமை எவ்வளவு கறி தின்பான் என்று பார்த்துவிடுவதென்று உட்கார்ந்தார். ஏவால்ட் தின்றான். கெசீனா சுட்டுப் போடப் போடத் தின்றான். வெட்டி, புரட்டி, பாகு ஊற்றி, ஊற்றாமல், கோட்டுப் பித்தான்களை அவிழ்த்துவிட்டுத் தின்றான். எத்தனை என்று ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கடைசியில் பச்சைக் கோட்டு அவனுக்குச் சரியாக இருந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். கெசீனா கிண்ணத்தைச் சுரண்டிக் கடைசிச் சொட்டையும் சட்டியில் ஊற்றி, உடனே கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினாள்.

டென்பிரிங்க் எழுந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"பிரில், எல்லையோர வீட்டுல பொண்ணு எடுக்கறவனை எல்லையில வெச்சிருக்க எனக்கு உத்தரவில்ல. தெரியுமில்ல? மாசம் பொறந்ததும் உனக்கு பவேரியா. மலைக்காடு. மூட்டையைக் கட்டு." பிறகு ஹார்மைப் பார்த்து, "பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ட்டு வா. குடும்பத்தோட" என்றார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேயும் வரை மூன்று பேரும் அசையவில்லை.

"லுத்தரன்" என்றார் ஹார்ம். "உங்க அம்மா கட்டிக்காத்த வீட்டுல. வெள்ளிக்கிழமை கறி வேற. இதுக்கு நான் ஜெயிலுக்கே போயிருப்பேன்."

"போயிருந்தா பொட்டியிலதான் திரும்பி வந்திருப்பீங்க."

"கத்தோலிக்கப் பொட்டியில வந்திருப்பேன்!"

ஏவால்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பெரியவரே, நான் கேட்டது சாவடித் தலைவருக்காக இல்லீங்க. இத்தனை வெள்ளிக்கிழமையும் அதைக் கேக்கத்தான் வந்தேன். கேக்க முடியாமத் தின்னுட்டுப் போய்ட்டேன்."

"அப்பக் கேட்டாச்சு. நான் இல்லேன்னு சொல்லியாச்சு. பவேரியாவுக்குப் போ. அங்க கறியெல்லாம் நல்லா இருக்குமாம்."

ஏவால்ட் போனான். சைக்கிளில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டு போனான்.

அந்த வாரம் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. கெசீனா மாட்டிடம் பேசினாள். பவேரியா போனால் அப்பாவை யார் பார்ப்பது, இந்த இருமலுக்கு யார் எழுந்து உட்காருவது? போகாவிட்டால் அவன் போய்விடுவான். அப்பாவைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அவனை ஊரைவிட்டே துரத்துகிறதே என்று மடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாடு திரும்பிப் பார்த்தது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனாள். "கறி போட்டது பெரிய பாவமா, கட்டிக்கப் போறவர்னு சொன்னது பெரிய பாவமாம்மா?" என்று அவர் கேட்டார். "ரெண்டாவது பொய்யா இருந்தாத்தான் பாவம் சாமி" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் அவர் வெகுநேரம் இருமினார். இருமலா சிரிப்பா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மாதம் பிறப்பதற்கு முன்பாகவே ஏவால்ட் பச்சைக் கோட்டை மடித்துச் சாவடியில் கொடுத்துவிட்டான். "ஒருதடவை ஊர் மாறினதே போதும்" என்று மட்டும் சொன்னானாம். மறுநாள் காலை, யாரிடமோ இரவல் வாங்கின மண்வெட்டியோடு, ஹார்ம் சேற்றுக்கரி வெட்டும் பள்ளத்தில் வந்து நின்றான். ஹார்ம் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் வெட்டினான். அவரும் வெட்டினார். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், ஒரே பள்ளத்தில் இரண்டு பேர், நடுவில் ஒரு வார்த்தை இல்லாமல். மதியம் ஹார்ம் தன் டப்பாவைத் திறப்பார். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு காய்ந்த ரொட்டியைத் தின்பான்.

இன்று அந்தச் சதுப்பின் மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். பட்டணத்துக் குழந்தைகள் தவளை பார்க்க வருகிறார்கள். எல்லை எங்கே என்று கேட்டால் யாருக்கும் காட்டத் தெரியாது. வரி குறைந்து, நடை நின்று, டென்பிரிங்க் மூக்கோடு ஓய்வு பெற்றார். தன் கல்யாணத்தைப் பற்றிக் கெசீனா பெரிதாகச் சொன்னதில்லை. மதம் கலந்த கல்யாணம், மணி அடிக்கவில்லை, ஆர்கன் வாசிக்கவில்லை. கோயில் பின்னறையில், பூசை உடுப்புகளும் மெழுகுவர்த்திப் பெட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டென்று முடிந்தது. அதைக் கேட்டால், "ஆமா, நடந்துச்சு" என்பாள். ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை மதியத்தைக் கேட்டால், அவள் எண்பது வயசு முகம் அப்படியே மலரும்.

அன்று வெயில் அடித்தது. சதுப்பில் பஞ்சுப்புல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் அப்பாவுக்கு டப்பாவில் பான்கேக் எடுத்துக்கொண்டு போனாள். பள்ளத்தின் விளிம்பில் ஏவால்ட் வெட்டின கட்டிகள் ஒன்று கோணல், ஒன்று ஆப்பு, ஒன்று பாதி என்று காய்ந்துகொண்டிருந்தன. அவன் சட்டையெல்லாம் சேறு. காதிலும் சேறு. அவள் அவனைப் பார்க்காமல் டப்பாவை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

ஹார்ம் மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். எண்ணினார். முகம் கோணியது.

"இதென்ன இது?"

"பான்கேக்குப்பா. கறி போட்டது. இன்னைக்குப் புதன்தானே."

"அது தெரியுது. இவ்வளவுதானா?"

"எப்பவும் கொண்டுவர்றதுதானே."

"எப்பவும் நான் ஒருத்தன் தின்னேன்." மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற ஏவால்டை அவர் கட்டைவிரலால் காட்டினார். "இவன் எவ்வளவு தின்பான்னு உனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தவதானே? இந்த நாலை வெச்சு நான் என்ன பண்ணுவேன், அவன் காதுக்கே பத்தாது."

ஏவால்ட் மெதுவாகத் திரும்பினான். கையில் பாதி ரொட்டி.

"ஏய், அதைக் காக்காய்க்குப் போடு" என்றார் ஹார்ம். "இங்க வந்து உக்காரு. வெட்டறதைப் பாத்தா கரி மாதிரி இல்ல, கண்ணு தெரியாதவன் அறுத்த கேக்கு மாதிரி இருக்கு. தின்னுட்டு மறுபடி வெட்டு." அப்புறம், அவன் தயங்கி நிற்பதைப் பார்த்து, குரலை இறக்கி, "வாப்பா" என்றார்.

கெசீனா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. இன்னும் மாவு கரைக்கவேண்டும், சட்டியைக் காயவைக்கவேண்டும், இவர்கள் இருவரும் மனசை மாற்றிக்கொள்வதற்குள் திரும்பி வந்தாகவேண்டும். வரப்பில் ஓட ஆரம்பித்தாள். பாதி வழியில் ஒரு மரச்செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவள் நிற்கவில்லை.